ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

போன மார்கழியில் பொள்ளாச்சியில் எங்கள் பட்டறைக்குப் புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்தான். கை சுத்தமான வேலைக்காரன். மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே எஞ்சின் ஓடும் சத்தம். குனிந்து பார்த்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்தபடி காருக்குள் உட்கார்ந்திருக்கிறான். ஷட்டரைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"என்னுங்ண்ணா ஆச்சு? குளுருதுன்னுதானுங்க இறக்குனேன். புது வண்டிங்க, பொகையே வர்லீங்களே!"

இருபது வயதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான், குளிர்காலக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது செய்யக்கூடாதவற்றை எழுதுகிறேன். ஹேண்ட்பிரேக் போடுவது, நியூட்ரலில் வைப்பது எல்லாம் யாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது

புகை தெரியவில்லை என்பதுதான் ஆபத்தே. ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போலப் போய்வரும். உடம்புக்குப் போகவேண்டியது போகாது.

புது வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். குளிர்ந்த எஞ்சினுக்கோ பெட்ரோல் கூடுதலாகப் போகும், முழுசாக எரியாது. அதாவது, நாம் 'சூடாகட்டும்' என்று விட்டுவைக்கும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் வாயு அதிகம் வரும். டீசலில் குறைவு; அதற்காக மூடிய ஷெட்டில் ஓடவிடலாம் என்று அர்த்தமில்லை.

எனக்கு நடந்தது ஒரு பழைய அம்பாசிடரில். முதலாளி வீட்டு ஷெட், மழைச்சாரல், கதவைச் சாத்திவிட்டு சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் பிடி) இழுத்து ஓடவிட்டேன். முதலில் நெற்றிப்பொட்டில் வலி. காலையில் காபி குடிக்காததால் என்று நினைத்தேன். அப்புறம் குமட்டல். எழுந்து போகலாம் என்று தோன்றுகிறது, கால் கேட்கவில்லை. கோலமாவு டப்பா எடுக்க வந்த அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்திருக்காவிட்டால் இன்று இந்தப் பட்டறை இல்லை. அன்று முழுக்கத் தலையைத் தூக்க முடியவில்லை.

ஷட்டரைப் பாதி திறந்தால் போதும் என்பதும் தவறு. நம் பக்கம் கீழே கார் ஷெட், மேலே குடியிருப்பு என்று கட்டிய வீடுகள் நிறைய. வாயு படிக்கட்டு வழியே ஏறித் தூங்குகிறவர்களிடம் போகும். ஸ்டார்ட் செய்த கையோடு வண்டியை வாசலுக்கு எடுத்துவிடுங்கள். அதுவும் வீட்டு ஜன்னல் பக்கம் சைலன்சர் திரும்பாதபடி.

யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் என்றால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். மூடிய இடத்தில் வண்டி ஓடியதைக் கட்டாயம் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணக் கருவிக்கு இந்த வாயு ஒட்டிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் போலத்தான் தெரியும்.

கால் மணி நேரம் நிறுத்திச் சூடேற்றுவது

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இருந்த காலத்துப் பழக்கம். இன்றைய வண்டிக்கு, நம் ஊர்க் குளிருக்கு, அரை நிமிடம் போதும். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்விடும். வால்பாறையில் இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி என்றால் ஒரு நிமிடம். நின்றபடி ஓடினால் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும். கியர்பாக்ஸும் டயரும் ஓடினால்தான் சூடாகும். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள், சரியாகிவிடும். பிஎஸ்6 (புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் வண்டியை நிறுத்தி ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் புகை வடிகட்டியில் கரி அடையும், செலவு வேறு.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதித்து உறும வைப்பது

ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கியிருக்கும். டர்போ (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) உள்ள வண்டி என்றால், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடிய அதன் தண்டை உலர்ந்த நிலையில் முறுக்குகிறீர்கள். மாற்ற வேண்டி வந்தால் பில்லைப் பார்த்துத்தான் புரியும்.

டீசலில் சுருள் விளக்கு அணையும் முன்பே ஸ்டார்ட் செய்வது

டேஷ்போர்டில் சுருள் வடிவில் எரியும் அந்த விளக்கு, எஞ்சின் உள்ளே சூடேறிக்கொண்டிருப்பதைக் காட்டுவது. அணையும் வரை இரண்டு நொடி பொறுங்கள்.

உறைபனிக் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவது

ஊட்டிக்குப் போய்ப் பலர் செய்வது. விரிசல் விடும்.

பானட்டைத் தட்டாமல் ஸ்டார்ட் செய்வது

சூட்டுக்குப் பூனைக்குட்டி உள்ளே படுத்திருக்கும். இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் நின்று பாருங்கள். போன வாரம் அந்தப் பையன் தட்டியபோது மூன்று குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஓடின. வண்டி வாசலில்தான் நின்றது, ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது.