கடும் பயிற்சிக் காலத்தில் இளம் வீரர்கள் சளி, காய்ச்சலில் படுக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மாவட்டப் போட்டி நெருங்கும்போதுதான் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குத் தொண்டை கரகரக்கும். கடும் பயிற்சி எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். அது பாதிதான் உண்மை. வேகமாக ஓடும்போது ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடும். முடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் வழக்கத்தைவிடக் குறையும். அவை சாகவில்லை, பெரும்பாலும் நுரையீரல், குடல் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்றே இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பொதுவாக ஒரு நாளுக்குள் எண்ணிக்கை சரியாகிவிடும். அந்த ஒரு நாளைத் தராமல், தூக்கத்தையும் சாப்பாட்டையும் குறைக்கும்போதுதான் உடம்பு படுத்துகிறது.

இன்டர்வல் (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடுவது), டெம்போ (ஓரளவு கடினமான ஒரே வேகத்தில் தொடர்ந்து ஓடுவது) போன்ற கடும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதும், மிஞ்சினால் மூன்று. அடுத்தடுத்த நாளில் வைக்காதீர்கள். இடையில் பேசிக்கொண்டே ஓடும் வேகம், வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. பரீட்சை வாரத்தில் ஒரு கடும் நாளை வெட்டிவிடுங்கள்.

தூக்கத்தில் மட்டும் சமரசமே கூடாது. 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரம் வேண்டும். சளி வைரஸைப் பெரியவர்களின் மூக்கில் விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடித்தது பல மடங்கு அதிகம். ட்யூஷன் முடிந்து பத்தரைக்குப் படுக்கும் பிள்ளையைக் காலை 5 மணிக்கு மைதானத்துக்கு வரச் சொல்லாதீர்கள். அவனுக்கு மாலைப் பயிற்சிதான் சரி.

வெறும் வயிற்றில் நீண்ட ஓட்டம் வேண்டாம். மாவுச்சத்து குறைந்தால், எதிர்ப்புச் சக்தியை அடக்கக்கூடிய கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். பயிற்சி 75 நிமிடம் தாண்டினால் அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 7 டீஸ்பூன் சர்க்கரை (சுமார் 30 கிராம்), ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சை கலந்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு குடிக்கட்டும். முடித்த ஒரு மணி நேரத்துக்குள் 50 கிலோ எடையுள்ளவருக்கு நான்கைந்து இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. வைட்டமின் சி மாத்திரைக்குப் பதில் தினம் ஒரு கொய்யா போதும்.

பாட்டிலையும் டவலையும் யாரும் பகிரக் கூடாது. ஒருவருடைய சளி மற்றவர்களுக்குப் பரவ அதுவும் ஒரு வழி.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே 60 விநாடி நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட 8–10 கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்றைய கடும் பயிற்சியை ரத்து செய்யுங்கள்.

மூக்கு ஒழுகல், லேசான தொண்டை வலி மட்டும் என்றால் 20 நிமிட மெதுஓட்டம் செய்யலாம்; பத்து நிமிடத்தில் சோர்ந்தால் நிறுத்திவிடவும். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச்சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் எந்தப் போட்டியாக இருந்தாலும் ஓடக் கூடாது. வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருக்கும் நேரத்தில் ஓடினால் உயிருக்கே ஆபத்து. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அதனால் இபுபுரூஃபன், ஆஸ்பிரின் தராதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்த பிறகு, முதல் நாள் 20 நிமிட நடை, மறுநாள் மெதுஓட்டம், பிறகு பாதி அளவுப் பயிற்சி. இன்டர்வல் கடைசியில்தான். இடையில் நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி, அன்றைக்கே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.