தமிழிலிருந்து நேராக ஸ்பானிஷ் வாக்கியம் அமைப்பது எப்படி?

ஸ்பானிஷ் வாக்கியம் அமைக்க ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. பல இடங்களில் தமிழிலிருந்து நேராகப் போவதே சுலபம். 'நான் வெள்ளை வீட்டில் ஒரு புத்தகம் படிக்கிறேன்' என்பதை எடுத்துக்கொள்வோம்:

லேயோ உன் லிப்ரோ என் லா காசா பிளாங்கா.

தமிழில் கடைசியில் நிற்கும் வினை முன்னால் வந்துவிட்டது: லேயோ. 'படிக்கிறேன்' என்றாலே 'நான்' தெரிவதுபோல, லேயோவின் ஓ விகுதியே ஆளைச் சொல்லிவிடும். அதனால் 'யோ' (நான்) தேவையில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் யோ, யோ என்று போட்டால் 'நான்தான், நான்தான்' என்று அழுத்திச் சொல்வதுபோல ஒலிக்கும். வினைக்கு அடுத்து என்ன படிக்கிறேன் என்பது: உன் லிப்ரோ. பிறகு இடம். 'வீட்டில்' என்பதன் 'இல்' இங்கே பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக வருகிறது: என் லா காசா. 'வெள்ளை'யோ பெயருக்குப் பின்னால் போய்விட்டது: காசா பிளாங்கா. (இந்த 'உன்' என்றால் 'ஒரு', 'என்' என்றால் 'இல்'; 'லா' ஆங்கிலத்தின் 'the' போன்ற சொல். தமிழ்ச் சொற்களாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.)

நிறம், குணம் சொல்லும் சொற்கள்தான் பெரும்பாலும் இப்படிப் பின்னால் போகும். எண்ணும் உரிமைச் சொல்லும் தமிழைப் போலவே முன்னால் நிற்கும்: தோஸ் லிப்ரோஸ் (இரண்டு புத்தகங்கள்), மி லிப்ரோ (என் புத்தகம்).

வினை விகுதிகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கொம்ப்ரார் என்றால் வாங்குதல்: கொம்ப்ரோ (வாங்குகிறேன்), கொம்ப்ராஸ் (வாங்குகிறாய்), கொம்ப்ரா, கொம்ப்ராமோஸ் (வாங்குகிறோம்), கொம்ப்ரான் (வாங்குகிறார்கள்). கொம்ப்ரா என்பது அவன், அவள், மரியாதையான 'நீங்கள்' மூன்றுக்கும் பொது. ஆள் யாரென்று தெளிவில்லாவிட்டால் எல் (அவன்), எயா (அவள்), உஸ்தேத் (நீங்கள்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு என்பதே நமக்குக் கஷ்டமான பகுதி. லிப்ரோ ஆண்பால், காசா பெண்பால். அடைமொழி பாலிலும் எண்ணிலும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும்: லிப்ரோ பிளாங்கோ, காசாஸ் பிளாங்காஸ். 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்பது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் லா மானோ (கை), எல் ப்ரோப்ளேமா (பிரச்சினை) போன்ற விலக்குகள் உண்டு. இங்குள்ள எல், 'அவன்' என்னும் எல் அல்ல; பெண்பாலுக்கு லா வருவதுபோல ஆண்பால் பெயருக்கு முன் வரும் சொல். எனவே பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் எல், லாவோடு சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

தமிழில் 'இது என் வீடு' என்று வினையே இல்லாமல் முடித்துவிடுகிறோம். ஸ்பானிஷில் அது செல்லாது: எஸ் மி காசா. இன்னார், இன்னது என்று சொல்ல 'எஸ்'. ஒரு பொருளோ ஆளோ எங்கே இருக்கிறது என்று சொல்ல 'எஸ்தா': மரியா எஸ்தா என் மத்ரித்.

எதிர்மறைக்கு வினைக்கு முன் 'நோ' போட்டால் போதும்: நோ லேயோ. 'அதை' என்னும் லோ, தமிழைப் போலவே வினைக்கு முன்னால் வரும்: லோ லேயோ, அதைப் படிக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் நோ லோ லேயோ.

'பிடிக்கும்' என்பதில் தமிழர்களுக்குப் பெரிய வசதி. 'எனக்குப் புத்தகம் பிடிக்கும்' என்பதன் அமைப்பு அப்படியே அங்கும் உண்டு: மே குஸ்தா எல் லிப்ரோ. மே என்றால் 'எனக்கு'. ஆங்கில வழியில் யோசிப்பவர்கள் இங்கே 'யோ குஸ்தோ' என்று தவறிவிடுவார்கள். பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ் (இந்த லோஸ், எல்லின் பன்மை).