தவளை, பல்லி இதயப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் முறை

நாகர்கோவிலில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலங்கியல் சொல்லித்தரும்போது நான் முதலில் திருத்துவது திசைப் பிழையைத்தான். வயிற்றுப்புறத் தோற்றத்தில் தவளையின் வலப்பக்கம் தாளின் இடப்பக்கத்தில் வரும். ஆகவே தாளின் மேலே ‘வ’, ‘இ’ என்று குறித்துக்கொண்ட பின்பே இரண்டு ஆரிக்கிள்களையும் (மேலறைகள்), அவற்றின் கீழே கூம்பு வடிவில் ஒரே வென்ட்ரிக்கிளையும் (கீழறை) வரையுங்கள். உடலின் சிரை ரத்தம் வந்து சேரும் பையான சைனஸ் வீனோசஸ் முதுகுப்புறத்தில் இருப்பதால் அதற்குப் புள்ளிக்கோடு போதும்.

ஆக்சிஜன் மிகுந்த ரத்தத்துக்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம், இரண்டும் கலந்ததற்கு ஊதா. நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் இடது ஆரிக்கிளுக்குச் சிவப்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வலது ஆரிக்கிளை முழு நீலமாக்குவதில்தான் தவறு நேர்கிறது. வயல்வரப்பில் பிடித்தால் கைநழுவும் அந்த ஈரத்தோலின் வழியாகவும் தவளை சுவாசிக்கிறது. தோலில் ஆக்சிஜன் பெற்ற ரத்தம் நுரையீரல் சிரைக்குச் செல்லாமல், உடலின் சிரை ரத்தத்தோடு சேர்ந்து சைனஸ் வீனோசஸ் வழியே வலது ஆரிக்கிளுக்கே வருகிறது. எனவே நீலத்தின்மேல் சிவப்பை மெலிதாக ஓட்டுங்கள்.

வென்ட்ரிக்கிள் முழுவதையும் ஊதாவாக்கிவிட வேண்டாம். மழைக்காலத்தில் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் ஆற்றின் செங்கலங்கல் கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல் சற்றுத் தூரம் தனித்தே தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வென்ட்ரிக்கிளின் உட்சுவரிலுள்ள கடற்பஞ்சு போன்ற தசைமடிப்புகளும், வென்ட்ரிக்கிளிலிருந்து ரத்தம் வெளியேறும் குழலான தமனித்தண்டினுள் இருக்கும் சுருள் வால்வும் இருவகை ரத்தத்தையும் பெருமளவு விலக்கியே செலுத்துகின்றன. ஆகவே நடுவில் ஒரு குறுகிய பட்டைக்கு மட்டும் ஊதா போதும். தமனித்தண்டின் ஒவ்வொரு கிளையிலிருந்தும் தலைக்குச் செல்லும் கரோட்டிட் தமனி, உடல்தமனி, நுரையீரல்-தோல் தமனி என மூன்று பிரிய வேண்டும்.

பல்லிக்குத் தமனித்தண்டு கிடையாது. நுரையீரல் தமனியும் இரு பெருந்தமனிகளும் வென்ட்ரிக்கிளிலிருந்து நேராகவே புறப்படுகின்றன. வென்ட்ரிக்கிளினுள் ஒரு தடுப்புச்சுவரை எழுப்பி, மேலே இடைவெளி விடுங்கள். பாம்புக்கும் ஆமைக்கும் இவ்வாறே. அந்த இடைவெளியைக் குறைபாடு என்று எழுதும் மாணவர்களுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. நம் கரைகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமை மூச்சடக்கி மூழ்கியிருக்கும்போது, நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து உடலுக்கே திருப்பிவிட அந்த வழி உதவுகிறது.

முதலைக்குத் தடுப்புச்சுவரை முழுமையாக்கி நான்கு அறைகள் வரைய வேண்டும். ஆயினும் இடது பெருந்தமனி வலது வென்ட்ரிக்கிளிலிருந்தே கிளம்புவதால், இரு பெருந்தமனிகளும் அடியில் ஒட்டும் இடத்தில் அவற்றை இணைக்கும் பனிஸ்ஸா துளையைச் சிறு வட்டமாகக் குறியுங்கள். அதை இதய அறைகளுக்கு இடையே வரைந்தால் படம் தவறாகிவிடும்.