ஃப்ரீசர் உறைகிறது, கீழ்த்தட்டு மட்டும் குளிரவில்லையா?

ஃப்ரீசரில் ஐஸ் நன்றாக உறைந்திருக்க, கீழ்த்தட்டில் வைத்த இட்லி மாவு மட்டும் ஒரே இரவில் புளித்துப் பொங்கிவிடுகிறது என்றால், கம்ப்ரசர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. தானாகவே பனி நீக்கிக்கொள்ளும் ஃப்ரிட்ஜ்களில், ஃப்ரீசரின் பின்புறத்திலுள்ள சிறு விசிறியே குளிர்காற்றைத் துளைகள் வழியாகக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்றுத் துளைகளைப் பாத்திரமோ காய்கறிப் பையோ மறைத்தாலும், பனி உருக்கும் ஹீட்டர் பழுதாகி உட்சுருள் (உள்ளே குளிரூட்டும் சுருள் குழாய்) பனியால் அடைபட்டாலும் கீழ்ப்பகுதி குளிராது. முதலில் துளைகளின் முன்னுள்ள பொருள்களை நகர்த்துங்கள். பயனில்லையெனில், உணவுப் பொருள்களை வெளியே எடுத்து, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்தபடி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள் (வழியும் நீருக்குப் பழைய துணி விரிப்பது நல்லது). பனியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பது கூடவே கூடாது. குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியேறி, சிறிய பழுது பெரிய செலவாகிவிடும். மீண்டும் இயக்கியபின் சில நாள்கள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழைய நிலையே திரும்புமானால், பனி உருக்கும் ஹீட்டர், சென்சார், டைமர் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்கிடம் பேச்சைத் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.