ஜானி கேஷின் கடைசிக்கால ஆல்பங்கள்: எதில் தொடங்குவது?

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷின் கடைசிக்காலப் பாடல்களைத் தேடும் பலரும் நேரே 2002-இல் வந்த 'ஹர்ட்' பாடலுக்குப் போய்விடுகிறார்கள். வேண்டாம். 1994-இல் ரிக் ரூபின் தயாரித்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பத்தை முதலில் கேளுங்கள். ஒரு குரல், ஒரு கித்தார், அவ்வளவுதான். அந்தக் குரலின் திடம் காதில் பதிந்தால்தான், எட்டே ஆண்டுகளில் மூச்சு எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பது புரியும், நெஞ்சைப் பிசையும்.

ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் அவருடைய அடிக்குரல் எடுபடாது. வரி முடிவில் வரும் நடுக்கமும் அமுங்கிப்போகும். 'ஹர்ட்' முடியும்போது பியானோ ஓங்கி, ஒலி கரகரக்கும். ஹெட்போன் கோளாறு இல்லை, பதிவே அப்படி. வால்யூமைச் சற்றுக் குறைத்தால் போதும். ஷஃபிள் வேண்டாம். 2006, 2010 ஆல்பங்கள் 2003-இல் அவர் மறைந்த பிறகு வெளியானவை. அவற்றைக் கடைசியில் கேளுங்கள்.