ஆலப்புழையில் காலைப் படகும் காலைச் சிற்றுண்டியும்: தனிப்படகு அமர்த்துவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆலப்புழைக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவை, நண்பகலில் படகுவீட்டில் ஏறி, மறுநாள் காலை ஒன்பது மணியளவில் இறங்கி ஊர் திரும்பிவிடுகின்றன. மாலையில் மீனவர்கள் வலை விரிக்கத் தொடங்கிவிடுவதால் படகுவீடுகள் பொழுது சாயும் முன்பே கரையில் கட்டப்பட்டுவிடும். காலையிலும் அவை புறப்பட்ட துறைக்குத் திரும்புவதோடு பயணம் முடிந்துவிடும். காயலும் கால்வாய்களும் மிக அழகாக இருக்கிற நேரம் விடியலிலிருந்து ஒன்பது மணி வரையிலான நேரம்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்த நேரத்துக்கென்றே ஒரு சிறிய படகைத் தனியாக அமர்த்திக்கொண்டு, காலைச் சிற்றுண்டியையும் நீரின் மேலேயே முடித்துக்கொண்டு வருவது எப்படி என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தங்குமிடம். சென்னையிலிருந்து ஆலப்புழைக்கு நேரடியாகச் செல்லும் இரவு ரயில் முற்பகலில்தான் போய்ச் சேரும் என்பதால், இறங்கிய அன்றே விடியற்படகு பிடிப்பது இயலாது. முந்தைய நாளே ஊருக்குப் போய், புன்னமடை அல்லது படகுத்துறைப் பகுதியில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். கொச்சியில் தங்கிக்கொண்டு அதிகாலையில் காரில் வந்துவிடலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில் குழந்தைகளின் தூக்கமும் கெடும், சூரிய உதயமும் பெரும்பாலும் தவறிவிடும்.

அடுத்தது படகு. ஆலப்புழையில் ஷிகாரா என்று அழைக்கப்படுவது, காஷ்மீரத்துத் தால் ஏரியில் துடுப்பால் தள்ளப்படும் படகைப் போன்றதன்று. கூரையும் மெத்தை இருக்கைகளும் சிறிய எஞ்சினும் கொண்ட, ஐந்தாறு பேர் முதல் இருபது பேர் வரை அமரக்கூடிய படகு. இதைத் தவிர, துடுப்பாலும் கழியாலும் செலுத்தப்படும் நாட்டுவள்ளமும் கிடைக்கும். இரண்டு மூன்று பேராக, தரையோடு தாழ்ந்து உட்கார்ந்து எழத் தயக்கமில்லாதவர்களாக இருந்தால் வள்ளத்தையே தேர்ந்தெடுங்கள். எஞ்சின் போக முடியாத, தோடு எனப்படும் சிறு கால்வாய்களுக்குள்ளும் அது நுழையும், பறவைகளும் அதற்கு அஞ்சிப் பறப்பதில்லை. முதியவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால் ஷிகாராதான் பொருத்தம். படகுவீட்டை இந்தப் பயணத்துக்கு நினைக்கவே வேண்டாம், ஏனென்றால் கால்வாய்களின் அகலமும் அவற்றின் குறுக்கே உள்ள தாழ்வான நடைபாலங்களும் அதை உள்ளே விடுவதில்லை.

படகைக் கைப்பேசியிலேயே பேசி முடித்துவிடாமல், முந்தைய நாள் மாலை துறைக்குப் போய் நேரில் பார்த்துவிடுவது நல்லது. மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டு மன்றத்தின் (டி.டி.பி.சி.) அலுவலகம் படகுத்துறை அருகிலேயே இருக்கிறது. கட்டண நிலவரத்தை அங்கே கேட்டு அறிந்துகொண்டு, பிறகு புன்னமடைத் துறையில் உள்ள படகுக்காரர்களிடம் பேசலாம். படகின் உடலில் கே.ஐ.வி. என்ற எழுத்துகளோடு பதிவெண் எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை பேரை ஏற்றலாம் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, அத்தனை பேருக்கும் உயிர்காப்பு உடைகள் இருக்கின்றனவா, குழந்தைகளுக்கான சிறிய அளவும் அவற்றில் உண்டா என்பவற்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் குழந்தைகள். கால்வாயில் ஆழம் குறைவுதானே என்று படகுக்காரரே சொன்னாலும் உயிர்காப்பு உடையைக் கழற்ற வேண்டாம். குழந்தைகளுக்கு அதன் வார்களை நீங்களே இழுத்துப் பூட்டுங்கள்.

பேச வேண்டிய செய்திகளில் முக்கியமானது நேரக்கணக்கு. ஷிகாராவுக்கு வாடகை பெரும்பாலும் மணிக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும் என்பதால், சிற்றுண்டிக்காகப் படகை நிறுத்திவைக்கும் முக்கால் மணி நேரமும் அந்தக் கணக்கில் சேருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் போதுமானது. அதற்குக் குறைந்தால் காயலைச் சுற்றிக்காட்டிவிட்டுக் கால்வாய்க்குள் போகாமலே திருப்பிவிடுவார்கள். எங்கே போகிறோம் என்பதையும் ஊர்ப்பெயர்களோடு சொல்லுங்கள். பெரும்பாலான படகுக்காரர்களுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். சேட்டா என்று அழைத்து, “கைநகரி வரை போய், உள்தோடு வழியாகத் திரும்ப வேண்டும், சாப்பிடும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்” என்று சொன்னால், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும்.

இனி உணவு. இதற்கு மூன்று வழிகள் உண்டு. படகுக்காரர் தம் வீட்டிலோ தெரிந்த கடையிலோ சமைத்துக் கொண்டுவரலாம். கால்வாயோரத்து வீடு ஒன்றில் படகைக் கட்டிச் சுடச்சுடச் சாப்பிடலாம். அல்லது உங்கள் விடுதியிலேயே கட்டித்தரச் சொல்லலாம். மூன்றாவதில் பெரும்பாலும் ரொட்டியும் ஜாமும்தான் வரும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நீங்கள் என்ன சாப்பிட விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆப்பம் வேண்டுமென்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். சட்டியிலிருந்து எடுத்தவுடன் மொறுமொறுப்பாக நிற்கும் அதன் ஓரம், மூடிய பாத்திரத்துக்குள் அரைமணி நேரம் இருந்தால் ஆவியில் துவண்டு, நடுப்பகுதியோடு ஒட்டிப்போய்விடும். படகிலேயே சாப்பிடுவதாக இருந்தால் இடியாப்பமோ புட்டோ சொல்லுங்கள். இரண்டும் சூட்டுப்பெட்டியில் ஒரு மணி நேரம் தாங்கும்.

தொட்டுக்கொள்வதையும் படகுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெங்காயத்தை நன்றாக வதக்கிக் கெட்டியாகச் செய்யும் முட்டை ரோஸ்ட், படகு ஆடினாலும் தட்டை விட்டு வழியாது. தேங்காய்ப்பாலில் செய்யும் இஷ்டு இடியாப்பத்துக்கு மிக இசைவானது என்றாலும் நீர்த்திருப்பதால், மூடி இறுக்கமாக உள்ள தூக்கில் கொண்டுவரச் சொல்லி, சிறிது சிறிதாக ஊற்றிக்கொள்ளுங்கள். சைவ உணவுக்காரர்களுக்குப் புட்டும் கடலைக்கறியும் நிறைவான உணவு. காய்கறி இஷ்டும் கிடைக்கும். சமையல் தேங்காய் எண்ணெயில்தான் இருக்கும் என்பதை, அந்த மணம் பழகாத பெரியவர்களிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. குழந்தைகளுக்கு ஆவியில் வேகவைத்த நேந்திரம்பழம் கேளுங்கள். தேநீரைப் பொறுத்தவரை, குடுவையில் நேரமானால் பால் தேநீரின் சுவை கெட்டுவிடும் என்பதால் கட்டன்சாயா எனப்படும் பாலில்லாத தேநீரே ஏற்றது. வீடுகளில் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு நிறத் தண்ணீர் தருவார்கள். அது கொதித்து ஆறிய நீர்தான், தயங்காமல் குடிக்கலாம். கரிமீனைக் காலையிலேயே கேட்க வேண்டாம், அது மதியச் சோற்றுக்கு உரியது.

எங்கே சாப்பிடுவது என்பதில்தான் பலரும் சரியாகத் திட்டமிடுவதில்லை. திறந்த காயலின் நடுவே உணவைப் பிரித்தால், காற்றில் புட்டு உதிர்ந்து பறக்கும். பயணிகள் படகு ஒன்று கடந்து போனால் அதன் அலையில் தம்ளர்கள் சாயும். தாழ்ந்த வெயில் கூரைக்குக் கீழே புகுந்து நேராகக் கண்ணில் படும். ஆகவே காயலைப் பசியோடு கடந்துவிட்டு, தென்னை நிழல் விழும் உள்தோட்டுக்குள் நுழைந்த பிறகு, எஞ்சினை நிறுத்தி, கரையில் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டச்சொல்லிச் சாப்பிடுங்கள். டீசல் புகை அடங்கியதும் இடியாப்பத்தின் தேங்காய் மணம் எழும். துடுப்புச் சத்தமும், தொலைவில் வாத்துக்கூட்டத்தின் இரைச்சலும், எதிர்க்கரை வீட்டில் யாரோ தேங்காய் துருவுவதும்கூடக் காதில் விழும்.

வழி இப்படி அமைந்தால் நன்றாக இருக்கும். புன்னமடையில் ஃபினிஷிங் பாயிண்ட் என்றே அழைக்கப்படும் துறையிலிருந்து புறப்படுங்கள். நேரு கோப்பை வள்ளங்களிப் போட்டி முடிவடையும் இடம் அது. 1952இல் ஜவகர்லால் நேரு இங்கே வந்தபோது அவருக்காக நடத்தப்பட்ட சுண்டன் வள்ளப் போட்டியிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் சனிக்கிழமையில் நடந்துவந்த போட்டி அண்மை ஆண்டுகளில் வேறு தேதிகளுக்கும் மாறியிருப்பதால், அந்தப் பருவத்தில் செல்பவர்கள் தேதியைக் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். போட்டி நாளில் சுற்றுலாப் படகுகளுக்கு இந்தப் பகுதியில் இடமிருக்காது. அதற்கு முந்தைய வாரங்களில் சென்றால், நூறு பேர் அளவில் அமர்ந்து துடுப்புப் போடும் நீண்ட வள்ளங்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்து காணும் வாய்ப்பு உண்டு.

புறப்படும் நேரம் சூரிய உதயத்துக்குச் சற்று முன்பாக இருக்கட்டும். ஜனவரியில் அது ஆறரை மணிக்குப் பிறகும், மே மாதத்தில் ஆறு மணியை ஒட்டியும் இருக்கும். துறை காயலின் மேற்குக் கரையில் இருப்பதால், போகும்போது படகு சூரியனை நோக்கியே செல்லும். படம் எடுப்பவர்கள் முன்பக்கத்தில் அமரலாம். வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் போகும்போது பின்னிருக்கையிலும் திரும்பும்போது விரும்பிய இடத்திலும் உட்காரலாம். அந்நேரத்தில் வேம்பநாட்டுக் காயலில் மீனவர்களின் சிறு வள்ளங்கள் வலை இழுத்துக்கொண்டிருக்கும். வலையின் மிதவைகளுக்கு அருகே படகை விடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நீர்க்காகங்கள் கம்பங்களின் மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருப்பதையும், செம்பருந்து தாழப் பறந்து மீனைக் காலால் பற்றிச் செல்வதையும் காண்பதற்குத் தனி முயற்சி வேண்டாம், படகை மெதுவாகச் செலுத்தச் சொன்னாலே போதும்.

காயலைக் கடந்து கைநகரிப் பக்கம் வந்ததும், கரையின் மேல் பார்வையைச் செலுத்துங்கள். குட்டநாடு எனப்படும் இந்தத் தாழ்நிலப் பகுதிக்குத் தனிச்சிறப்புத் தரும் காட்சி இங்கேதான் இருக்கிறது. படகு மிதக்கும் நீர்மட்டம் மேலேயும், வரப்புக்கு அப்பால் உள்ள நெல்வயல் அதற்குக் கீழேயும் இருக்கும். காயலின் ஒரு பகுதியைச் சேற்றாலும் மரத்தாலும் கல்லாலும் அணைகட்டிப் பிரித்து, உள்ளிருந்த நீரை இறைத்து வெளியேற்றி, கடல்மட்டத்துக்கும் கீழே உழவு செய்யும் முறை இது. இந்த வேளாண் முறையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் உலக அளவில் முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. வரப்போரத்தில் பெட்டியும் பறையும் என்று சொல்லப்படும் இறைப்பு அமைப்பைப் படகுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். செங்குத்தாக நிற்கும் மர உருளையான பறைக்குள் சுழலும் விசிறி வயல்நீரை மேலே தள்ள, கிடையாகப் பொருத்திய பெட்டியின் வழியே அது கால்வாயில் வந்து கொட்டும். அது ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அமைந்தால் சில நிமிடங்கள் நின்று பார்க்க வேண்டிய காட்சி அது. கைநகரியில் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா 1805இல் பிறந்த வீடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. படகிலிருந்து இறங்கி, அமைதியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

எந்த மாதத்தில் போவது என்பதை இந்த வயல்களை வைத்தே முடிவு செய்யலாம். இங்கே புஞ்ச என்று சொல்லப்படும் பருவத்து நெல் ஜனவரியில் பச்சை விரித்திருக்கும், மார்ச்சில் பொன்னிறமாகும். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகளை ஆயிரக்கணக்கில் மேய்ப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, வயல்களும் பெரும்பாலும் நீராகவே கிடக்கும். கூட்டத்தையும் கூடுதல் கட்டணத்தையும் தவிர்க்க விரும்புவோர் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையை விட்டுவிட்டு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரிக்குள் செல்லலாம். தண்ணீர்முக்கம் தடுப்பணை அடைக்கப்பட்டிருக்கும் மாதங்களில் உப்புநீர் உள்ளே வராததால் ஆகாயத்தாமரை பெருகி, சில தோடுகளை அடைத்துவிடும். படகுக்காரர் வேறு வழியில் போகலாம் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கால்வாய் என்பது கரையில் வாழ்வோருக்குத் தெருவும் முற்றமும் ஆகும். காலையில் பெண்கள் படித்துறைகளில் துணி துவைப்பார்கள், பாத்திரம் விளக்குவார்கள், சிலர் குளிப்பார்கள். அப்போது கேமராவைக் கீழே இறக்கிவிடுவதே முறை. பாட்டுப்பெட்டியை அலறவிடும் படகானால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். சுற்றிலும் நீர் இருந்தும் குட்டநாட்டில் குடிநீர் தட்டுப்பாடு நெடுங்காலமாக உள்ளது என்பதால், நீங்கள் சாப்பிடும் வீட்டில் கை கழுவக் கொடுக்கும் நல்ல தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். ஷிகாராக்களில் பெரும்பாலும் கழிப்பறை இருக்காது. விடுதியிலேயே முடித்துவிட்டு வருவதும், இடையில் சிற்றுண்டி வீட்டில் கேட்டுக்கொள்வதும் நல்லது. சாப்பிட்ட இலைகளையும் காகிதங்களையும் ஒரு பையில் கட்டித் துறைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒன்பதரை மணிக்குள் துறைக்குத் திரும்பிவிடுமாறு கணக்கிடுங்கள், அதற்குப் பிறகு வெயிலும் ஏறும், படகுகளின் நெரிசலும் கூடும். வாடகையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தாலும் மீதியை இறங்கிய பிறகு கொடுங்கள். கால்வாயோர வீட்டில் சாப்பிட்டிருந்தால், அதற்கான தொகையைப் படகுக்காரர் கொடுத்துவிடுவாரா, நீங்களே தர வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே தெளிவாக்கிக்கொண்டு, நீங்களே தருவதாக இருந்தால் ஆப்பம் சுட்டுக்கொடுத்த சேச்சியின் கையிலேயே அதைக் கொடுத்துவிட்டுப் படகேறுங்கள்.