முடிவு வந்த கிழமை: கணக்கு முதலில், கதை பிறகு

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை ஒரே ஒழுங்கைக்குள் ஒரு வீட்டில் வெடி கொளுத்துவார்கள், அடுத்த வீட்டில் படலையைச் சாத்திவிட்டு இருப்பார்கள். சந்திக் கடையில் தேத்தண்ணி ஆறும்வரை ஒரே கேள்வி: "எங்கட சனம் இப்பிடிச் செய்யுமெண்டு ஆர் நினைச்சது?" 2024 நவம்பர் 14 இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐ, தெற்கைத் தளமாகக் கொண்ட, அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி எடுத்தபோது இந்தக் கேள்வி லண்டன், ரொறன்ரோ வரை போய்த் திரும்பி வந்தது. அந்த முடிவையே பயிற்சிக் கணக்காக எடுத்து, இப்படியான ஒரு முடிவை எப்படி வாசிப்பது, வாசித்த பிறகு எப்படிக் கதைப்பது என்று இங்கே சொல்கிறோம். வாசிகசாலை நிர்வாகத்தில் இருப்பவர்கள், வாட்ஸ்அப் குழு நடத்துபவர்கள், இரண்டு கட்சிக்காரரை ஒரே வீட்டில் வைத்துச் சோறு போட வேண்டியவர்கள் ஆகியோருக்குத்தான் இது கூடுதலாகப் பயன்படும்.

தேவையானவை அதிகமில்லை. தேர்தல் ஆணைக்குழு வெளியிட்ட மாவட்ட முடிவு, ஒரு கொப்பி, கணிப்பான், அரை மணித்தியாலம். கட்சிக்காரர் கலர் அடித்துப் பரப்பும் படங்கள் வேண்டாம். அவற்றில் நிராகரிக்கப்பட்ட வாக்கின் தொகை அநேகமாக இருக்காது. கணக்கில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

எண்ணும் இரவு

முதலில் வருவது தபால் மூல வாக்குகளின் முடிவு. அரச ஊழியர், பொலிஸார் போன்ற கடமையில் இருப்பவர்களின் வாக்கு அது. ஊர்காவற்றுறை மீனவரும் கிளிநொச்சி வயற்காரரும் அதில் இல்லை. ஆகவே தபால் முடிவைப் பார்த்து வெடி வாங்கவும் வேண்டாம், படலையைச் சாத்தவும் வேண்டாம்.

பிறகு தொகுதி தொகுதியாக வரும். ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று பதினொன்று. "நல்லூரை ஆர் எடுத்தது?" என்று கேட்பது பழைய பழக்கம். இப்போதைய முறையில் தொகுதியை யாரும் 'எடுப்பதில்லை'. பதினொன்றையும் தபால் வாக்கையும் கூட்டித்தான் ஆசனம் பிரிக்கிறார்கள்.

கடைசியில் விருப்பு வாக்கு, அதாவது தெரிந்த அணிக்குள் எந்த வேட்பாளர் வேண்டும் என்று போடுவது. ஒருவர் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்குப் போடலாம் என்பதால் அதை எண்ணி முடிப்பது வில்லங்கமான வேலை, மறுநாளும் ஆகலாம். வதந்தி முளைப்பது இந்த இடைவெளியில்தான். "கரண்ட் போச்சாம்", "பெட்டி மாறிச்சாம்" என்று 'ஆம்' போட்டு முடியும் செய்தி எதையும் அந்த இரவில் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். எண்ணும் மண்டபத்துக்குள் ஒவ்வொரு அணிக்கும் முகவர்கள் இருக்கிறார்கள். குறை கண்ட முகவர் அங்கேயே தேர்தல் அதிகாரிகளிடம் முறையிடலாம்.

கொப்பியின் முதற்பக்கம்: நாலு எண்

கட்சிப் பெயர் எதையும் எழுத முன்னர் இந்த நாலையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

பதிவான வாக்காளர் 593,187
வாக்களித்தவர் 358,079
நிராகரிக்கப்பட்டவை 32,767
செல்லுபடியானவை 325,312

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 235,108 பேர் வரவில்லை. முதலாம் இடம் வந்த தேசிய மக்கள் சக்தி எடுத்தது 80,830. செல்லுபடியான வாக்கில் இது 24.85%, பதிவான வாக்காளரில் பார்த்தால் 13.6% அளவுதான். "யாழ்ப்பாணம் மாறிவிட்டது" என்று எழுதியவரும் "ஒன்றும் மாறவில்லை" என்று எழுதியவரும் ஒரே எண்ணைத்தான் வெவ்வேறு தொகையால் பிரித்தார்கள். யாராவது வீதம் சொன்னால், "எதில வீதம்?" என்று கேளுங்கள். பாதிச் சண்டை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வராத 235,108 பேரையும் 'புறக்கணித்தவர்கள்' என்று சொல்ல முடியாது. இடாப்பில் பெயர் இருந்தும் கொழும்பில் வேலை, வெளிநாட்டில் குடும்பம், படுக்கையில் நோய் என்று பல காரணம் உண்டு. உண்மையான புறக்கணிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு 2005 சனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அழைப்பின் கீழ் நடந்த அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் போடப்பட்டவை 8,524 வாக்குகள், பதிவான வாக்காளரில் 1.21%. நாடு முழுவதிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடைவெளி 180,786.

இரண்டாம் பக்கம்: ஆசனக் கணக்கு

சந்தியில் கூடுதலாகக் கொதித்த கேள்வி இதுதான்: "63,000 எடுத்த வீட்டுக்கும் ஒண்டு, 27,000 எடுத்த சைக்கிளுக்கும் ஒண்டோ? இதென்ன நியாயம்?" வீடும் சைக்கிளும் கட்சிச் சின்னங்கள். யாரும் கள்ளம் செய்யவில்லை. வழியைப் படிப்படியாகச் செய்து பார்க்கலாம்.

முதலில் வெட்டுப்புள்ளி. செல்லுபடியான வாக்கில் 20இல் ஒரு பங்கு, அதாவது 16,266 இல்லாத அணிகளை நீக்க வேண்டும். மிஞ்சியவை ஆறு: தேசிய மக்கள் சக்தி (திசைகாட்டி) 80,830, இலங்கைத் தமிழரசுக் கட்சி (வீடு) 63,327, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் (சைக்கிள்) 27,986, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி (சங்கு) 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) 17,730. கூட்டினால் 240,241.

அடுத்து போனஸ். கூடிய வாக்கு எடுத்த அணிக்கு 6இல் ஒன்று நேரே போகிறது. மிச்சம் 5.

240,241ஐ 5ஆல் பிரித்தால் 48,048.2. பின்னம் வந்தால் அடுத்த முழு எண், ஆகவே ஓர் ஆசனத்தின் விலை 48,049. இந்த விலை திசைகாட்டிக்கு ஒருமுறை போகும், மிச்சம் 32,781. வீட்டுக்கு ஒருமுறை போகும், மிச்சம் 15,278. மற்ற நாலு அணிக்கும் போகாது. அவர்கள் எடுத்த முழுத்தொகையும் மிச்சமாகவே நிற்கும்.

இன்னும் 3 ஆசனம் இருக்கிறது. அவை பெரிய மிச்சத்துக்குப் போகும்: 32,781 (திசைகாட்டி), 27,986 (சைக்கிள்), 27,855 (சுயேச்சை). அடுத்து நின்ற 22,513க்கு இல்லை. முடிவு: 3, 1, 1, 1.

இப்போது வீட்டுக்கு என்ன நடந்தது என்று தெரியும். அந்த 63,327இல் 48,049 ஒரு ஆசனத்தை வாங்கியது. மிஞ்சிய 15,278 சைக்கிளின் 27,986ஐத் தாண்டவில்லை. இந்த முறையில் நடுத்தரமாக எடுத்தவர் நட்டப்படலாம். விலையைத் தொடாமல் நிற்கும் சின்ன அணிக்கு, மிச்சம் பெரிதாக இருந்தால், லாபம் வரலாம். ஒவ்வாத முறை என்று வாதாடலாம், அதற்கு இடமுண்டு. ஆனால் அது முறையோடு உள்ள சண்டை. பக்கத்து வீட்டுக்காரரோடு பிடிக்க வேண்டியதல்ல.

இதே பக்கத்தின் அடியில் இன்னொரு கழித்தல். 325,312இலிருந்து 240,241ஐக் கழியுங்கள்: 85,071. வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்த அணிகளுக்குப் போன வாக்கு இவ்வளவும். வென்ற அணி எடுத்த 80,830ஐ விட இது கூட. வாக்குச்சீட்டில் 44 அணிகள், 6 இடத்துக்கு 396 வேட்பாளர்கள் என்றால் வேறு என்ன நடக்கும்?

'சேர்ந்திருந்தால்' கணக்கு: அளவோடு செய்யுங்கள்

முன்பு ஒரே வீட்டுச் சின்னத்தின் கீழ் கேட்டவர்களில் சிலர் 2024இல் சங்கில் கேட்டார்கள். இரண்டையும் கூட்டினால் 85,840. போனஸ் கை மாறும். கணக்கைத் திரும்பச் செய்தால் வீடும் சங்கும் 3, திசைகாட்டி 2, சைக்கிள் 1, சுயேச்சைக்கு இல்லை. கொப்பியில் இது வடிவாக வரும். பிழை எங்கே என்றால், வாக்குகளை அரிசிபோல ஒரு சாக்கில் கொட்டலாம் என்று எடுத்துக்கொள்வதில். சங்குக்குப் போட்டவர் வீட்டோடு கோபித்துக்கொண்டே போட்டிருக்கலாம்; அவர் சேர்ந்த அணிக்குப் போடாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். இந்தக் கணக்கை ஒருமுறை செய்யுங்கள், குழுவில் போடாதீர்கள். போட்டால் 'பிரிச்சது ஆர்' என்ற கதை தொடங்கும், அது பொங்கல் வரைக்கும் முடியாது.

'மாறிப் போட்டவை' என்ற சொல்

2024 செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் சஜித் பிரேமதாச 121,177, சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரன் 116,688, ரணில் விக்கிரமசிங்க 84,558, அநுர குமார திசாநாயக்க 27,086. சரியாக 54 நாளில் திசைகாட்டி 27,086இலிருந்து 80,830க்கு வந்தது. இதைப் பார்த்துத்தான் 'துரோகம்' என்ற சொல் வெளியே வருகிறது. பொறுங்கள். செப்டெம்பரில் கேட்கப்பட்டது நாட்டுக்கு யார் தலைவர் என்பது. நவம்பரில் கேட்கப்பட்டது, தலைவர் வந்தாயிற்று, உங்கள் மாவட்டத்துக்காக யார் அவரோடு கதைப்பது என்பது. ஒரே ஆள் இரண்டு கேள்விக்கு இரண்டு விடை சொல்வது புதினமில்லை. தவிர, செப்டெம்பரில் சஜித்துக்கோ ரணிலுக்கோ போட்டவர்கள் நவம்பரில் எங்கே போனார்கள் என்று முடிவுத் தாள் சொல்லாது. தாள் கூட்டுத்தொகையை மட்டும் சொல்லும். 'சங்குதான் திசைகாட்டிக்குப் போனது' என்று அடித்துச் சொல்பவர் ஊகத்தைச் சொல்கிறார்.

வாயால் கேட்டும் அறிய முடியாது. முடிவு வந்த பிறகு வென்றவருக்கே போட்டோம் என்று சொல்பவர்களின் தொகை, உண்மையில் போட்டவர்களை விடக் கூடுவது பல நாடுகளில் காணப்பட்ட வழக்கம். யாழ்ப்பாணத்தில் அதற்கு எதிர்ப்புறமும் உண்டு: போட்டுவிட்டு, ஊருக்குப் பயந்து போடவில்லை என்பவர்கள். ஆகவே "நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?" என்பது மரியாதைக் குறைவான கேள்வி, பயனில்லாத கேள்வியும்.

குழு நடத்துபவருக்கு

முடிவு வந்து முதல் மூன்று நாள் குழுவை 'நிர்வாகிகள் மட்டும்' என்று மாற்றுங்கள். மரண அறிவித்தல், தண்ணி வெட்டு, கோயில் விசயம் மட்டும் போகட்டும். திறந்தவுடன் முதலில் அந்த நாலு எண்ணையும் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் நீண்ட குரல் பதிவுதான் கூடுதலாகத் தீ வைக்கும். அனுப்பியவர் மாமாவாக, பெரியண்ணையாக இருப்பார். கோயிலுக்குக் காசும் அனுப்பியிருப்பார். குழுவில் மறுத்தெழுதினால் அவருக்கு முகம் போய்விடும், அதற்குப் பிறகு நியாயம் எடுபடாது. தனியே எடுத்து, "மாமா, நீங்கள் சொல்லுறதில இந்த எண் பிழை, சரியான தாளை அனுப்பிறன்" என்று சொல்லுங்கள். எண்ணை மட்டும் திருத்துங்கள். அவருடைய கவலையைத் திருத்தப் போகாதீர்கள், அது உண்மையான கவலை.

வாசிகசாலையில் அறிவித்தல் பலகையில் எந்தக் கட்சியின் நன்றிச் சுவரொட்டியும் வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்னரே கூட்டக் குறிப்பில் எழுதிவைப்பது நல்லது. முடிவுக்குப் பிறகு எழுதினால் தோற்றவரின் வேலை என்பார்கள். வென்றவருக்கு வரவேற்பு வைக்கச் சிலர் அவசரப்படுவார்கள். ஊர்வலத்துக்கு ஆணைக்குழு விதித்த தடை முடிவு வந்த அன்றோடு தீர்ந்துவிடாது. ஆணைக்குழு அறிவித்த காலம் கழியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

உண்மையிலேயே குறை கண்டால்

மிரட்டல், அடிதடி, வீட்டுக்குக் கல்லெறி என்றால் பொலிஸ் 119. பிறகு தேர்தல் ஆணைக்குழுவுக்கும் பெவ்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புக்கும் எழுத்தில் கொடுங்கள். நேரம், இடம், கண்டவர் ஆகிய மூன்றும் இல்லாத முறைப்பாடு நகராது. நாடாளுமன்றத் தேர்தல் முடிவையே எதிர்ப்பதென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனு. வர்த்தமானியில் முடிவு வந்த நாளிலிருந்து 21 நாள்தான் தவணை. ஒரு வாக்குச்சாவடியில் பிழை நடந்தது என்று காட்டினால் போதாது, அது முடிவைப் பாதித்தது என்றும் காட்ட வேண்டும். முகநூலில் எழுதியது மனு ஆகாது.

அடுத்த முறைக்குள் செய்யக்கூடிய ஒன்று

அந்த 32,767க்குத் திரும்புங்கள். நிராகரிக்கப்பட்ட வாக்கு, ஆசனம் வென்ற சைக்கிளின் 27,986ஐ விடக் கூட. பதினொரு பேர் வரிசையில் நின்றால் ஒருவருடையது வீண். செப்டெம்பரில் 1, 2, 3 என்று எழுதிய கை நவம்பரில் புள்ளடி (X) போட வேண்டியிருந்தது, சீட்டும் நீளம். இரண்டு அணிக்குப் புள்ளடி போட்டால் செல்லாது. அணிக்குப் போடாமல் விருப்பு எண்ணுக்கு மட்டும் போட்டாலும் செல்லாது. அணிக்குச் சரியாகப் போட்டு விருப்பு எண்ணில் மூன்றுக்கு மேல் போனால் விருப்பு மட்டும் போகும், அணியின் வாக்கு நிற்கும்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாற்பது கோடு கீறி, கட்சிப் பெயருக்குப் பதில் பழங்களின் பெயரையும், அடியில் ஒன்று முதல் ஒன்பது வரை பெட்டியும் எழுதுங்கள். வாசிகசாலை முதியோர் கூட்டத்தில் இருபது பிரதி கொடுத்து, விளாம்பழத்துக்கும் அதன் இரண்டு வேட்பாளருக்கும் புள்ளடி போடச் சொல்லுங்கள். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்குக் கடைசியாகக் கொடுங்கள். அவர்களுக்குத்தான் கூடுதல் நேரம் வேண்டும்.